குண்டுமணிக் காப்பு

தாம்பரம் பச்சைமலைப் புதரில் பறித்த குண்டுமணியை வைத்துக் காப்பு செய்தது பியூலாவின் சொந்த யோசனை. நெற்று வெடித்துச் சுருண்ட மாதிரி வெள்ளித் தகடு, அதன் நடுவே நூலில் கோத்த சிவப்பு மணிகள். நம்ம தாம்பரத்திலேயே இத்தனை அழகு கொட்டிக் கிடக்க, ஜெய்ப்பூர் கல்லுக்கு எதுக்கு அலையணும் என்று கண்காட்சியில் வாய் ஓயாமல் பேசி விற்றாள். விஷமாச்சே என்று ஒருத்தி இழுத்தபோதும் அசரவில்லை. "தோல் அவ்ளோ கெட்டிங்க. முழுங்கினாலும் முழுசா வெளியே வந்துடும்."

அது உண்மைதான். ஆனால் இன்று பொழிச்சலூர் வீட்டில் அடுத்த காப்புக்கு மணிகளில் துளை போடும்போது, டிரில் முனையில் வெளுத்த மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. துடைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தோல்தானே காவல்? அதில்தானே இவள் மெனக்கெட்டு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்! போனில் தேடினாள். ஓட்டை போட்ட மணி ஒன்றே ஒரு குழந்தையைக் கொன்றுவிடக்கூடுமாம்.

காலையில்தான், கண்காட்சியில் காப்பு வாங்கிய மேடவாக்கத்துத் தோழி சுப்ரஜா படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஒரு வயது மகன் கையில் அந்தக் காப்பு. 'திருஷ்டிக்குக் கட்டிட்டேன்க்கா. முழுங்கினாலும் பயமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களே.' சிவப்பும் கறுப்புமாக எதைப் பார்த்தாலும் நம் ஜனங்களுக்குக் கண்ணேறுதான் ஞாபகம் வரும். அந்தப் படத்துக்குப் பாவி பியூலா ஒரு ஹார்ட் வேறு போட்டிருந்தாள்.

சுப்ரஜா போனை எடுக்கவில்லை. பியூலா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். மேடவாக்கத்துக்குள் நுழைந்ததும் ஒரு தண்ணீர் லாரி முன்னால் நின்றுகொண்டு நகர்வேனா என்றது. ஹாரனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. 'ஏசப்பா, அவன் வாய்ல வச்சிருக்கக் கூடாது, வச்சிருக்கவே கூடாது' என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த சுப்ரஜாவின் இடுப்பில் குழந்தை இருந்தது. அதன் கையில் காப்பு இல்லை.

"வாங்கக்கா. போன் சார்ஜ்ல இருந்துச்சு. இவன் மத்தியானமே கடிச்சு நூலை அத்துட்டான். பொறுக்கிக் கோத்து வச்சிட்டேன். ஒண்ணு மட்டும் எங்க தேடியும் கெடைக்கல."

பொய் சொல்ல நேரமில்லை. பியூலா குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், சுப்ரஜா. இப்பவே. மணி முழுசா இருந்தாத்தான் ஆபத்தில்ல. நான் ஓட்டை போட்டிருக்கேன். உள்ள இருக்கறது விஷம்."

சுப்ரஜா குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"எம்புள்ளயத் தொடாதீங்க."

செருப்புகூடப் போடாமல் லிஃப்டுக்கு ஓடினாள். டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று மேசைமேல் கிடந்த காப்பை எடுத்துக்கொண்டு பியூலாவும் பின்னாலேயே ஓடினாள். கீழே இறங்குவதற்குள் குழந்தை வாந்தி எடுத்தது.