இஞ்சின் நிற்கும் இடம்

விமானப் பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியையான அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஐயோ மேடம்'. விமானம் நிம்மதியாகப் பறந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கையிலிருந்து கைநீட்டி, இஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அடியோடு இழுத்துவிட்டு, "ஐயோ, இஞ்சின் போச்சே! இப்ப என்ன பண்ணுவே?" என்பாள். மாணவன் பதறாமல் வேகத்தைக் காத்து, கீழே வெட்டவெளி ஒன்றைத் தேடி, இறங்குவதுபோல் தாழ வரவேண்டும். தரை நெருங்குமுன் அவளே மறுபடி மேலே ஏற்றிவிடுவாள்.

இடம் மட்டும் மாறுவதே இல்லை. ஏரி தாண்டியதும் ஒரு தரிசு நிலம். அதன் ஓரத்தில் நீலக் கூரை வீடு. அது அவள் தங்கையின் வீடு.

தங்கையின் கல்யாணத்தன்று அவள் மாணவர்களின் தேர்வுக்காக வெளியூரில் இருந்தாள். "உனக்கு ப்ளேன்தான் கூடப்பொறந்தது, நான் இல்ல" என்று ஃபோனை வைத்தாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது. மன்னிக்க இருவருக்கும் மனசு உண்டு. முதலில் வாய் திறக்கத்தான் ஆளில்லை. தாழ வரும் அந்தச் சில நொடிகளில் கொடியில் துணி காய்வதைப் பார்ப்பாள். ஒருநாள் சின்னஞ்சிறு துணிகள் வரிசையாகக் காய்ந்தன. தான் பெரியம்மா ஆனது அப்படித்தான் அவளுக்குத் தெரியும்.

அன்று ஓட்டியவன், கூட்டாளிகள் 'கண்ணாடி' என்று கூப்பிடும் மாணவன். அவள் கை த்ராட்டிலைத் தொடுமுன்பே விமானத்தை அந்த நிலத்தின் பக்கம் திருப்பிவிட்டான்.

"நான் இன்னும் நிறுத்தவே இல்லையேடா!"

"ஏரி வந்துருச்சே மேடம். இங்க வந்தா இஞ்சினுக்கு உயிர் போயிடும்னு ஹாஸ்டல் சமையல்காரருக்குக்கூடத் தெரியும்."

அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பும் வழியில், ஏரி பின்தங்கிய பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை இழுத்தாள். இடப்பக்கமே நல்ல மைதானம் ஒன்று கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் தேடினான். விமானத்தின் மூக்கு உயர்ந்தது, வேகம் சரிந்தது.

"அந்த நிலம் எங்க மேடம்?"

அவள் விமானத்தைத் தன் கைக்கு வாங்கினாள். வாய் கடவுளை அழைத்தது. நிஜமாகவே ஒருநாள் இஞ்சின் நின்றால்? யார் பெற்ற பிள்ளையோ, அவள் ஏக்கத்துக்குப் பலியாக வேண்டுமா?

இறங்கியதும், "சொதப்பிட்டேன் மேடம்" என்றான்.

"நீ இல்லப்பா. நான்தான் உங்க எல்லாருக்கும் ஒரே இடத்தைக் காட்டிக் கெடுத்துட்டேன். அங்க என் தங்கச்சி இருக்கா. பேச்சுவார்த்தை இல்ல, மேலேருந்து பாக்கறதோட சரி. இனிமே அந்தப் பக்கம் கிடையாது."

வேறொருவன் ஹாஸ்டலுக்கு ஓடிப்போய்க் கதை அளந்திருப்பான். இவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்க பஸ்ஸும் போகுமே மேடம்" என்றான் மெதுவாக. நல்ல வார்த்தை சொல்ல வயது வேண்டியதில்லை.

அதன்பின் இஞ்சின் நினைத்த இடத்திலெல்லாம் நின்றது. பிள்ளைகள் திணறினார்கள், திட்டு வாங்கினார்கள், மெல்ல மெல்லப் பூமியைக் கண் திறந்து பார்க்கப் பழகினார்கள். அவள்தான் பழகவில்லை. கொடியில் இப்போது என்ன காய்கிறதோ என்றே மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறினாள். நீலக் கூரை வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கை ஈரத்துணியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"இத்தனை நாளா ப்ளேன் சத்தமே இல்ல. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து செத்தேன்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேடி."

"வேற யாராவது எடுத்து, ஏதாவது கெட்ட சேதி சொல்லிட்டா?"

தங்கை தன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தையை முன்னால் தள்ளி, "பெரியம்மா வந்திருக்கா பாருடி" என்றாள்.

குழந்தை சட்டென்று தலையை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்துக் கையசைத்தது.