கட்டி வைத்த நாற்காலிகள்

எங்கள் தெருவில் எந்த வீட்டு வராந்தாவிலும் நாற்காலி சும்மா நிற்காது. சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கும். பெர்த்திலிருந்து வந்த மரபுக்கட்டட அதிகாரி லாக்லன் அதைக் குறித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் தவறான கதவைத் தட்டினார். தெருவைப் பார்த்திருப்பது எங்களுக்குப் பின்கதவு.

தெருமுனைக்கு அப்பால், உப்பு மண்ணில், செயற்கைக்கோள் நிலையத்தின் ராட்சத டிஷ் ஆன்டெனா நிற்கிறது. நிலையத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். டிஷ்ஷை மட்டும் மரபுச் சின்னமாகக் காப்பாற்றப் போகிறார்கள். ஊழியர்களுக்குக் கட்டிய எங்கள் வீடுகளை இடித்துவிட்டு, கேரவன் நிறுத்த இடம் செய்யப் போகிறார்கள். இடிக்க வேண்டாம் என்று லாக்லன் எழுதினால்தான் எங்களுக்கு வழி.

"சாதாரண ஆஸ்பெஸ்டாஸ் வீடு, வெர்னா," என்றார் அவர் என் அம்மாவிடம். "இதே மாதிரி ஊர் ஊரா கட்டியிருக்காங்க. இங்க கட்டினவன் வரைபடத்தைத் தலைகீழா பிடிச்சிருக்கான், அவ்வளவுதான்."

"தலைகீழா இல்ல கண்ணு. நாங்க அடம்பிடிச்சு அப்படிக் கட்ட வச்சோம். இங்க வந்து நில்லு."

அம்மா அவரைக் கிச்சன் தொட்டி முன்னால் நிறுத்தினாள். ஜன்னல் முழுக்க டிஷ்.

"புயல் வரும்னா காத்து பிடிக்காம இருக்க அதை மேல திருப்பி வைப்பாங்க. ரேடியோல சொல்றதுக்கு முன்னாடியே திரும்பிடும். பாத்திரம் கழுவிட்டே பார்ப்போம். திரும்பிச்சுன்னா துணி, குப்பைத்தொட்டி, முயல் கூண்டு, எல்லாம் உள்ள. நாற்காலி சுவரோட. இந்தத் தெருவுல ஒவ்வொரு கிச்சனும் அதைப் பார்த்துதான் இருக்கு."

"சரி. இன்னிக்குப் புயல் இல்லையே? எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு டல்சி சிரித்தாள். "படிச்ச பிள்ளை! கண்ணு முன்னாடி நிக்குது, தெரியலையா?"

லாக்லன் மறுபடி பார்த்தார். டிஷ் மழைக்குக் காத்திருக்கும் கிண்ணம்போல நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஷிஃப்ட் பார்த்தவர்கள் அப்படித் திருப்பிவைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு யாரும் அதைக் கீழே திருப்பவில்லை.

"அது இறங்கட்டும், அவுக்கிறோம்," என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வராந்தாவுக்குப் போனார். கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். புதுக் கயிறு. போன மாதம்தான் மாற்றியிருந்தோம்.

"எழுதறேன்," என்றார் கடைசியில். "ஆனா கவுன்சில் கேட்கும்னு சொல்ல முடியாது. டிஷ்ஷுக்கு மட்டும் பயமில்ல."

"புயல்னு சொல்ற டிஷ்ஷை வச்சுக்கிட்டு, அது சொன்னதைக் கேட்டவங்களை இடிச்சிடுவீங்க. நல்லா இருக்குப்பா உங்க மரபு," என்றாள் அம்மா.

அவருடைய கார் போன புழுதி அடங்கவில்லை. அம்மா புல்லில் இறங்கினாள். இடிக்க வேண்டிய எல்லைக்குக் கவுன்சில் ஆட்கள் முந்தின நாள் அடித்துவிட்டுப் போன முளை அங்கே இருந்தது, தலையில் ஆரஞ்சு நாடா. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

"ஏய் வெர்னா, அது கவுன்சில் சொத்து! போலீஸ்ல போய் நிக்கப் போற!" என்று கத்தினாள் டல்சி.

"நிக்கறேன். டிஷ் மேல பார்க்கறப்ப இந்தத் தெருவுல எதையும் வெளிய விட்டு வைக்கிறதில்ல. உனக்குத் தெரியாதா?"

முளையை நாற்காலிக் காலோடு வைத்து, அப்பா கட்டுகிற அதே முடிச்சைப் போட்டு இறுக்கினாள். டல்சி வேலியோரம் நின்றபடி தன் புல்வெளியில் இருந்த முளையைப் பார்த்தாள்.

"அடியே, கயிறு மீதி இருக்கா?"