வண்டிக்கா, பெட்டிக்கா

பேச்சிமுத்துவின் வாய்க்கு யாராவது ஒரு பூட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்த வாயைப் பூட்ட யாரால் முடியும்? மணிப்பூர்ப் பக்கம் மூன்று வருஷம் பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, சண்டை முடிந்து நாற்பத்தாறில் ஊர் திரும்பியவன். போகும்போது ஸ்பானரைக் கண்டதில்லை. வந்தபோதோ, வெள்ளைக்காரனுக்கே தான்தான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாதிரிப் பேசினான்.

அந்தப் பேச்சுக்கெல்லாம் காரணம் ஒரு லாரி. பட்டாளம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய வண்டி. பின்பக்கம் தகரமும் தக்கையும் வைத்து அடைத்த பெரிய பெட்டி, அதற்குள் குளிர் உண்டாக்க ஒரு மெஷின். ஒரு மீன் வியாபாரி அதை ஏலத்தில் எடுத்து, சீலா மீனை மதுரைக்குக் கொண்டுபோகப் பேச்சிமுத்துவை டிரைவராக வைத்துக்கொண்டார். எஞ்சின் ஓடும்போது அது தரும் கரண்டில் குளிர் மெஷினும் ஓடும். எஞ்சின் நின்றுவிட்டால் எட்டு பாட்டரிகள் நாலு மணி நேரம் தாங்கும். ஆனால் எஞ்சினைத் திரும்பக் கிளப்பவும் அதே பாட்டரிதான். குளிருக்கே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

பட்டாளத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழியும் பண்ணவில்லை. பேச்சிமுத்து பண்ணினான். பெட்டியின் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த ஒரு பெரிய ஸ்விட்சைப் பொருத்தினான். மேலே தூக்கினால் கரண்டு வண்டிக்கு. கீழே இறக்கினால் குளிர் மெஷினுக்கு. மேலே 'வண்டி', கீழே 'பெட்டி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியும் வைத்தான். எழுத்து கோணலாக இருந்தாலும் வேலை சுத்தம். அதைப் பற்றி அவன் பேசாத டீக்கடை ஊரில் இல்லை.

நாற்பத்தேழு சித்திரையில், ஒரு சனிக்கிழமை, தொம்மை இறந்துபோனார். பேச்சிமுத்துவின் லாரியில் ஏறும் மீனில் பாதி அவர் பிடித்ததுதான். உறவில்லாவிட்டாலும் அவரை அண்ணன் என்றுதான் அவன் கூப்பிடுவான். விடியற்காலையில் கடலுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து, மதியத்துக்கு முன்னால் அவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே மகன் கஸ்பார் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். மூன்று வருஷமாக அப்பன் முகத்தைப் பார்க்காதவன். தந்தி போயிற்று. அவன் ஏறக்கூடிய கப்பல் திங்கட்கிழமை காலையில்தான் தூத்துக்குடிக்கு வரும்.

தொம்மையின் மனைவி பிலோமி தலைமுடியைக்கூட முடியாமல் பேச்சிமுத்துவைத் தேடி ஓடி வந்தாள்.

"கொழுந்தனாரே, ஐஸ் கம்பெனியில மெஷின் ஒடஞ்சு கெடக்காம். ஒரு கட்டிகூட இல்லங்குதான். இந்த வெயிலுக்கு நாளைக்கே பொதைக்கணும்னு எல்லாரும் சொல்லுதாவ. ஒங்க பெட்டியில அவரை வச்சிருங்க. எம்புள்ள ஒருதடவ முகத்தப் பாத்துட்டா போதும். பெறகு மண்ணு திங்கட்டும்."

"அழாதிய மைனி. நான் இருக்கேன்லா? ஒங்க மகன் வந்து பாக்கையில, அண்ணன் ஒறங்குதாவன்னு நெனைப்பான். இது பேச்சிமுத்து வாக்கு."

முதலாளி ஊரில் இல்லை. இருந்தாலும் பேச்சிமுத்து அவரிடம் அனுமதி கேட்டிருக்க மாட்டான். பங்குச் சாமியார் திங்கள் வரை பொறுக்கச் சம்மதித்தார். சவப்பெட்டியைத் தூக்கி லாரிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டு நாளும் பேச்சிமுத்து மனுஷனாக நடந்துகொண்டான். கோயிலடி வேப்பமரத்து நிழலில் லாரியை நிறுத்திக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எஞ்சினைக் கிளப்புவான், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவான், ஸ்விட்சைப் பெட்டிக்கு இறக்குவான். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம். தெரிந்த டிரைவர்களிடமெல்லாம் கெஞ்சி ஆளுக்கொரு படி வாங்கினான். சாப்பாட்டுக்குக்கூட வண்டியை விட்டு அகலவில்லை.

திங்கள் காலையில் பிலோமியைக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினான். தொம்மை ஒறங்கத்தான் செய்தார். மீசை கலையவில்லை. பிலோமி புருஷன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யய்யா, என்ன குளிர்ச்சி!" என்றாள். இரண்டு நாளில் அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கரையிலேயே வச்சுக் காட்டிருவோம் மைனி. காலு மண்ணுல பட்டதும் அப்பன் முகத்தப் பாக்கட்டும். அங்கயிருந்து நேரா கோயிலுக்குப் போயிருவோம்" என்றான்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை லாஞ்சு என்னும் மோட்டார் படகில்தான் கொண்டுவர வேண்டும். பேச்சிமுத்து படகுத்துறை ஓரமாக லாரியை நிறுத்தி, ஸ்விட்சைப் பெட்டிக்கு இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்தான். உள்ளே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு முதல் லாஞ்சு வந்தது. அதில் கஸ்பார் இல்லை. அடுத்ததில் வருகிறான் என்று இறங்கியவர்களில் ஒருவர் சொன்னார். அடுத்த லாஞ்சு பன்னிரண்டரைக்கு. பிலோமி கடலைப் பார்த்தபடி சுவரோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டரி ஒரு மணி வரை தாங்கும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்தா ஜெபசிங் வந்து சேர வேண்டும்!

ஜெபசிங் நாசரேத்துக்காரன். மணிப்பூரில் இவனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன். இப்போது கப்பல் ஏஜெண்டின் லாரியை ஓட்டினான். அந்த லாரி பத்தடி தள்ளி, மூட்டை முடிச்சோடு பாட்டரி செத்து நின்றது.

"ஏலே பேச்சி! ஒன் வண்டியில கரண்டு ரொம்பி வழியுதாமே. எனக்குக் கொஞ்சம் ஊத்தேன்."

"ஊத்துததுக்கு இதென்ன பதனியா? வா, அஞ்சு நிமிஷத்துல கெளப்பித் தாரேன்."

ஸ்விட்சை மேலே தூக்கினான். இரண்டு வயரை இழுத்து ஜெபசிங்கின் பாட்டரியில் கொடுத்தான். அந்த லாரி இருமி, கனைத்து, பெரிய சத்தத்தோடு கிளம்பியது. சுற்றி நின்ற மூட்டைத் தொழிலாளிகள் ஹோவென்று கத்தினார்கள். கஸ்டம்ஸ் குமாஸ்தா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, "இது என்னப்பா சங்கதி?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டுவிட்டாரே! பேச்சிமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்?

"பாத்துக்கிடுங்க சார். இப்படிப் போட்டா வண்டிக்கு. இப்படிப் போட்டா பெட்டிக்கு. பட்டாளத்துல ரெண்டுக்கும் ஒண்ணா குடுத்து ரெண்டையும் கெடுத்தானுவ. நான் பங்கு வச்சுக் குடுக்கேன். இந்தா, வண்டிக்கு. இந்தா, பெட்டிக்கு."

கை மேலே போயிற்று, கீழே வந்தது. புதிதாக ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்காக மறுபடி மேலே, மறுபடி கீழே. எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் மேலே நின்றது. அதை அவன் பார்க்கவில்லை. குளிர் மெஷினின் சத்தம் நின்றதும் அவன் காதில் விழவில்லை. அவனே உயிர் கொடுத்த ஜெபசிங்கின் லாரி பக்கத்தில் நின்று அந்தக் கத்துக் கத்தியது.

"வாலே, ஒரு டீ குடிப்போம்" என்று ஜெபசிங் தோளில் கை போட்டான். மணிப்பூர் மழை, அட்டைப்பூச்சி, ஜப்பான்காரன் போட்ட குண்டு என்று பேச்சு நீண்டது. ஒரு டீ மூன்று டீ ஆயிற்று. மூன்று மணி நேரம், சித்திரை வெயிலில், தகரப் பெட்டி. தக்கையில் பாதியைக் கரையான் ஏற்கனவே தின்றிருந்தது.

லாஞ்சின் ஊதல் கேட்டுத்தான் பேச்சிமுத்து எழுந்து ஓடினான். கஸ்பார் தன் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தான்.

"மொத லாஞ்சுல எனக்கு எடம் இருந்திச்சும்மா. ஒரு புள்ளத்தாச்சி வெயில்ல நிக்க முடியாம தவிச்சா. அவளுக்கு விட்டுக் குடுத்தேன்."

"நல்லதுதாம்யா செஞ்ச. அப்பா ஒனக்காக காத்துக் கெடக்காவ. வா."

பேச்சிமுத்து பெட்டிக் கதவைத் திறந்தான். வாடை முதலில் வந்தது. பிலோமி ஏறிப்போய்ச் சவப்பெட்டி மூடியைத் தூக்கினாள். ஒரு நொடிதான். படாரென்று மூடி, அதன்மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டாள்.

"பாக்காதய்யா! வேண்டாம். நீ கொழும்புக்குப் போகையில பாத்த முகமே ஒனக்கு இருக்கட்டும்."

பேச்சிமுத்து திரும்பி ஸ்விட்சைப் பார்த்தான். அது 'வண்டி'யில் நின்றது. யாரும் பார்க்குமுன் சட்டென்று கீழே இறக்கினான். இறக்கியதுமே மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது! பாட்டரியில் வேண்டிய மட்டும் கரண்டு இருந்தது; போகத்தான் வழியில்லாமல் இருந்திருக்கிறது. பதறிப்போய்த் திரும்ப மேலே தூக்கினான். உறுமல் நின்றது.

"பாட்டரி தாங்கல மைனி" என்றான்.

வாய் பொய் சொன்னது என்பதைவிட, கை சொன்ன பொய்தான் பெரிது. அழுகையில் யாரும் அந்த உறுமலைக் கவனிக்கவில்லை.

"நீங்க என்ன செய்வீய? ரெண்டு நாளா அன்ன ஆகாரமில்லாம கெடந்தீய. நாந்தான் பேராசப்பட்டு அவரைப் போட்டு வச்சேன். நேத்தே மண்ணுல வச்சிருக்கணும்" என்றாள் பிலோமி.

கஸ்பார் இப்போது அழக்கூட இல்லை. மூடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "மொத லாஞ்சுல வந்திருந்தா பாத்திருப்பேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடக்கம் முடிந்து சொல்லியிருக்கலாம். ஏழாம் நாள் பூசை முடிந்தாவது சொல்லியிருக்கலாம். பேச்சிமுத்து நாளை, நாளை என்று தள்ளினான். தள்ளத் தள்ள அது பாறையாகிவிட்டது. அந்த ஸ்விட்சைப் பற்றி அதன்பிறகு அவன் ஒருவரிடமும் பேசவில்லை. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தான். கல்லறைத் திருநாளுக்குப் பிலோமி அவன் வீடு தேடி வந்து பணியாரம் கொடுத்துவிட்டுப் போவாள். "அவருக்குக் கடைசி வரைக்கும் தொணை நின்ன மனுஷன்" என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்வாள். அந்தப் பணியாரத்தை அவன் தொட மாட்டான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் மதியம் திருச்செந்தூர் பஸ்ஸில் கஸ்பாரும் அவனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் கொழும்புக்குத் திரும்பவே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஆறுமுகநேரியில் உப்பளத்துப் பெண் ஒருத்தி ஏறினாள். நிறைமாதம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள்.

"தம்பி, கொஞ்சம் எந்திச்சு எடம் குடு" என்றார் கண்டக்டர்.

"முடியாது" என்றான் கஸ்பார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பேச்சிமுத்து அவன் தோளைத் தொட்டான். "ஏன்யா கஸ்பாரு, அந்தப் புள்ள..." என்று இழுத்தான்.

"ஒருக்க எடம் விட்டுக் குடுத்தேன் சித்தப்பா. எங்கப்பன் முகம் போச்சு. இனிமே செத்தாலும் ஒருத்திக்கும் விட மாட்டேன்."

பேச்சிமுத்து வாயைத் திறந்தான். ஸ்விட்சை மறந்தது நான்தான்யா, உன்மேல் தப்பில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊரே பூட்ட நினைத்த வாய் அது.

எழுந்து அந்தப் பெண்ணுக்குத் தன் இடத்தைக் கொடுத்தான்.

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க நல்லவரு சித்தப்பா. அன்னைக்கும் அப்பாவுக்காக நீங்க ஒருத்தருதான் நின்னீய" என்றான்.

திருச்செந்தூர் வரைக்கும் பேச்சிமுத்து நின்றுகொண்டே போனான்.