செவ்வாயின் கடைசி வாக்குவாதம்

அடுத்த செய்தியும் வந்த வேகத்திலேயே காணாமல் போனது. மகள் அப்பாவின் கைப்பேசியை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ எழுதுகிறார், எழுத்து திரையில் விழுகிறது, படித்து முடிப்பதற்குள் துடைத்த மாதிரி மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரே வாசகம் வந்து உட்கார்ந்தது: 'குழு விதி: மதமும் அரசியலும் இங்கே வேண்டாம்.'

விடிந்ததும் அவள்தான் குழுவில் எழுதியிருந்தாள், 'செவ்வாய் இன்று காலை இறந்துவிட்டார். நான் அவருடைய மகள்' என்று. அதற்கு வந்த இரங்கல் செய்திகள்தான் இவை. 'அவருடைய ஆன்மா...' என்று ஒருவர் ஆரம்பித்தார், போயிற்று. 'கடவுளின் நிழலில்...' என்றார் இன்னொருவர், அதுவும் போயிற்று. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னறையில் அப்பா செத்துக் கிடக்கிறார், அவர் வைத்த வடிகட்டி மட்டும் சளைக்காமல் வேலை பார்க்கிறது!

அது தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் குழு. வானத்தைப் பார்ப்பது ஒருவருக்கும் தொழிலில்லை. பல் டாக்டர், அச்சகக்காரர், தையல்காரி என்று பலதரப்பட்டவர்கள். அவரவருக்கு ஒரு பட்டப்பெயர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்கியவர், குடியிருந்தது மட்டும் லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. முதன்முதலில் பார்த்த கிரகம் என்பதால்தான் 'செவ்வாய்' என்று பெயர் வைத்துக்கொண்டதாகச் சொல்வார். அவர் கோபத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பியதில்லை.

ஒருமுறை யாரோ நிலாவின் படம் போட, அதைப் படைத்தது யார் என்று பேச்சு கிளம்பி, சாயந்திரத்துக்குள் எந்தக் கட்சி நாட்டைச் சுருட்டியது என்பதில் போய் நின்று, பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அப்பா யாரையோ பிடித்து அந்த வடிகட்டியைப் போட்டார். கடவுள், ஆன்மா, தேர்தல், கட்சி என்று எந்த வார்த்தை வந்தாலும் அழித்துவிடும். அதை முதலில் ஏமாற்றியதும் போட்ட அப்பாவேதான். கடவுள் என்று எழுதாமல் 'மேல் வீட்டுக்காரர்' என்று எழுதுவார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தேர்தலுக்கு 'தவணை தவறாமல் வரும் வால்நட்சத்திரம்' என்று பெயர் வைத்தார்கள். சண்டை முன்பைவிடக் களைகட்டியது.

கைப்பேசி அடித்தது. அச்சகக்காரர். குழுவில் அவர் பெயர் 'கிரகணம்'.

"அம்மாடி, நான் வந்துக்கிட்டே இருக்கேன். அந்த வடிகட்டிய இன்னிக்கு ஒரு நாளைக்கு எடுத்துடறேன். எல்லாரும் என்ன எழுதறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க."

"அவரு வெச்சது அங்கிள். இருக்கட்டும்."

"அப்ப ஆறுதலா ஒரு வார்த்தை எழுதக்கூட வழியில்லையேம்மா."

"அவங்களுக்குத் தெரிஞ்சதை எழுதச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. பிறகு குழுவில் தையல்காரி எழுதினாள்: 'இப்போதுதான் சூரியனைப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய கரும்புள்ளி, ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டம். செவ்வாய்க்காகப் பார்த்தது.' அது அழியவில்லை. அதன் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே வேறொருவர். கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடித் தகடு மாட்டிய தொலைநோக்கிகளோடு அவரவர் மாடியில் நின்று சூரியனைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். ஒருவர் மட்டும், 'இங்கே ஒரே மேகம். எதுவுமே தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க வாம்மா" என்று முன்னறையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார்.

கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவக் கல்லூரி வண்டிக்காரரை மகள் வரச் சொல்லியிருந்தாள். பிரார்த்தனை செய்கிறவரைப் பெரியப்பா வரச் சொல்லியிருந்தார். உடம்பைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், பக்கத்தில் நின்று ஒருவரும் ஒன்றும் ஓதக் கூடாது என்று அப்பா நல்ல நினைவோடு இருந்தபோதே சொல்லிவிட்டார். ஒரு தடவையா, வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

"வண்டிக்காரன்கிட்ட கொஞ்சம் லேட்டா வரச் சொல்லு. பிரார்த்தனை முடியட்டும்" என்றார் பெரியப்பா.

"பிரார்த்தனை கிடையாது பெரியப்பா."

"நேத்து சாயந்திரம் இவன் பக்கத்துல உக்காந்திருந்தது நான். 'கடவுளே'ன்னு சொன்னான். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. இந்தக் காதால கேட்டேன். கடைசி நேரத்துல மனசு மாறிட்டான் என் தம்பி. அத நீ மறைக்கப் பாக்கறியா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பெரியப்பா சொன்னது உண்மைதான். அவளும் கேட்டாள். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்லி ஜெயித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. வாதத்தில் பொய் சொன்னவர்களை அவர் ஜென்மத்துக்கும் மன்னித்ததில்லை.

"சொன்னாரு. நானும் கேட்டேன். 'அம்மா'ன்னும்தான் கத்தினாரு. அவங்க அம்மா எழுந்து வந்தாங்களா? வலியில வாய்க்கு வந்தத சொல்றது மனசு மாறினதா பெரியப்பா? கால்ல சுத்தியல் விழுந்தப்போ நீங்க என்ன சொன்னீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அத வெச்சு உங்கள யாராவது எடை போட்டோமா?"

ஜன்னலோரம் நின்றிருந்த யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பெரியப்பாவின் முகம் கடுகடுவென்று ஆனது.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் என்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கறேன்."

"அப்படியே அவன் வாயி! ஸ்கூல் பஸ் ஓட்டறவளுக்கு வேற எப்படிப் பேச்சு வரும்" என்று சொல்லிவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உனக்கு நம்பிக்கை இருக்குல்ல? தெனமும் கும்பிடறவ நீ. உனக்குமா வேணாம்?"

அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. அம்மா ஆமாம் என்று தலையை ஒரு அசைப்பு அசைத்தால் போதும், எல்லாம் முடிந்தது. அம்மாவை எதிர்த்து அவளால் நிற்க முடியாது.

"எனக்கு எல்லாம் வேணும்" என்றாள் அம்மா. "அவரோட கிண்டலையெல்லாம் காதுல வாங்கிக்கிட்டேதான் இத்தன வருஷம் கும்பிட்டேன். ஆனா செத்தது நான் இல்லையே. அவரு." அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நான் முன்னாடி போயிருந்தா எனக்கு ஒண்ணு விடாம பண்ணியிருப்பாரு. வாய் ஓயாம பேசிக்கிட்டேதான் பண்ணியிருப்பாரு. ஆனா பண்ணியிருப்பாரு."

பெரியப்பா மறுபடி ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"நான்தான்மா வால்வெள்ளி."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெயரை அவள் கேட்காத நாளில்லை. 'இந்த வால்வெள்ளிக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா!' என்று அப்பா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக் கத்துவார். கடவுள் இருக்கிறார் என்று அந்தக் குழுவில் அப்பாவோடு விடாமல் மல்லுக்கு நின்றவர் இந்தப் பல் டாக்டர். இருவரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அவர் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று முகத்தையே பார்த்தார்.

"இவ்ளோ ஒல்லியா இருப்பாருன்னு நெனைக்கல" என்றார். "எழுத்துல பாத்தா பெரிய ஆளு மாதிரி இருக்கும்."

இவர் யார் என்று பெரியப்பா கேட்க, அப்பாவின் சண்டைகளைக் கேட்டிருந்த சொந்தக்காரர் ஒருவர் ஜன்னலோரமிருந்து விவரம் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு உயிர் வந்தது போலிருந்தது. எழுந்துவந்து பல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க நம்பிக்கை உள்ளவரு. பெரியவரு. இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஆள் வர வரைக்கும்கூட வேணாம், நீங்களே நாலு வார்த்தை சொல்லி முடிச்சு வையுங்க. அவன் ஆத்மாவுக்கு நல்லதுதானே?"

போச்சு என்று மகள் நினைத்தாள். எத்தனையோ வருஷமாக அப்பாவிடம் வாய்ச்சண்டையில் தோற்றவரின் கையில் இப்போது அப்பாவே கிடைத்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே குறுக்கே போய் நிற்பதற்காக ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"அவருக்காக நான் தெனமும் பிரார்த்தனை பண்றவன்தான்" என்றார் பல் டாக்டர். "அவருகிட்டயே சொல்லியிருக்கேன். 'உன் வாய், உன் நேரம், பண்ணிக்கோய்யா'ன்னு எழுதினாரு. இன்னிக்கும் பண்ணுவேன். என் வீட்டுக்குப் போய்ப் பண்ணுவேன்."

"இங்க பண்ணா என்ன சார்?"

"திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாம படுத்திருக்காருங்க. இப்ப நான் ஓதினா அது பிரார்த்தனை இல்ல, கள்ளாட்டம். இவரு எழுந்து உக்காந்து பதில் சொல்லட்டும், ஓதறேன்."

பெரியப்பா பிடித்த கையை விட்டார். தம்பியை ஒருமுறை பார்த்தார். "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளைக் கண்ணால் கூப்பிட்டார். அவர்களும் எழுந்தார்கள். பின்னாலேயே இன்னும் சிலர் நழுவினார்கள். மகள் யாரையும் தடுக்கவில்லை. சமையலறைக்குள் போய், மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி வந்தபோது இன்னொரு சங்கடம். ஓட்டுநர் ஒண்டியாக வந்திருந்தார். உதவியாள் லீவு, வீட்டு ஆட்கள் கை கொடுப்பார்கள் என்று நினைத்தாராம். கை கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் கீழே இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். குறுகலான படிக்கட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கிரகணம், முழங்காலில் பட்டை கட்டியவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் ஒரு பக்கம் புடிக்கறேன்."

"உங்க முட்டிய வெச்சுக்கிட்டா?" என்றார் பல் டாக்டர்.

"நீங்க மட்டும் என்ன, பயில்வானா?"

அம்மா எழுந்து அப்பாவின் நெற்றியில் கையை வைத்து எடுத்தாள். அவள் உதடு அசைகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மகள் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் கீழ்ப்படியில், மேலே பார்த்தபடி நின்றுகொண்டாள். ஓட்டுநர் அவள் பக்கத்தில் தோளை ஒட்டி நின்றார். பெரியவர்கள் இருவரும் தலைமாட்டில்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் நில்லுங்க... இப்ப வரலாம்."

இரண்டாவது மாடித் திருப்பம் இருட்டாக இருந்தது. கிரகணம் மூச்சு வாங்கினார்.

"பட்டப்பகல்ல கண்ணு தெரியல. ஒரு பல்பு போடக்கூடாதா இங்க?"

"தெருவுல மட்டும் கண்ணு கூசற மாதிரி போட்டு வெச்சிருக்கீங்களே, உங்க கட்சி ஆளுங்க" என்றார் பல் டாக்டர். "ஒரு நட்சத்திரம் தெரியுதா மேல? வானத்தையே அழிச்சாச்சு."

"ஓஹோ. நீங்க நட்சத்திரம் பாக்கணும்னு வேலைக்குப் போய்ட்டு வர பொண்ணுங்க இருட்டுல நடக்கணுமா?"

"விளக்கே வேணாம்னா சொன்னோம்? கீழ பாத்து எரியற மாதிரி போடுங்கன்னோம். கமிஷன் கெடைக்கற விளக்குதான் போடுவீங்க..."

"கமிஷனா? யாரு கமிஷன் வாங்கினது? சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க!"

ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது. "சார்! சாவு வீடு சார்" என்றார் ஓட்டுநர்.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு படிகளில் செருப்புச் சத்தமும் பெரியவர்களின் மூச்சும் மட்டும்தான் கேட்டன. மகளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. இத்தனை அமைதியாக அப்பா பக்கத்தில் யாரும் இருந்ததே கிடையாது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

பல் டாக்டர் கிரகணத்தைப் பார்த்தார்.

"பேசுங்க அங்கிள். கமிஷன் யாரு வாங்கினது?"

கிரகணம் தொண்டையைச் செருமினார். "இல்ல... விளக்கு விஷயத்துல செவ்வாயும் இவரு பக்கம்தான் நின்னாரு..."

"என் பக்கமா? ரெண்டு பேரும் முட்டாள்னு எழுதினாரு!"

"உங்கள மட்டும்தான் எழுதினாரு. நான் படிச்சேன்!"

"சரியாப் படிச்சிருக்க மாட்டீங்க. உங்க கட்சி அறிக்கையையே நீங்க சரியாப் படிச்சதில்ல!"

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. சத்தம் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. ஓட்டுநர் தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாமல் மகளைப் பார்த்தார்.

"வரலாம்... வரலாம்..." என்றபடி அவள் பின்பக்கமாகவே அடுத்த படியைக் காலால் துழாவினாள்.