கோட்டில் விழுந்த பந்து

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரேக் பாகங்களைச் சரிபார்க்கிற ஹெலன், காலை ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகிற ரகமில்லை. கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, தான் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போய்விடுவாள். அங்கே எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் வாலிபாலும் கையுமாகக் காத்திருப்பார்கள். போன வருஷம் இந்த அணி ஆடின மேட்ச் எல்லாவற்றிலும் மண்ணைக் கவ்வியிருந்தது. தலைமை ஆசிரியை அருணா கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவை ஒண்ணாவது ஜெயிங்க ஹெலன். இல்லேன்னா டீமைக் கலைச்சிடுவேன்.”

ஹெலன் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. முழங்காலை மடக்கு, கையைச் சேர், பந்தைத் தூக்கிவிடு. போட்டிக்கு முந்தின மூன்று வாரமும் இதே பாட்டுதான். கூடவே கம்பெனி மூளையையும் கொண்டுவந்துவிட்டாள். தரையில் சுண்ணாம்பால் ஆறு கட்டம் போட்டு, “நிக்கிற கட்டத்துக்கு நீதான் பொறுப்பு. அடுத்தவ வேலையில கை வெச்சே, தொலைச்சிடுவேன்” என்றாள். கம்பெனியில் அப்படித்தான், ஒருத்தி வேலையை இன்னொருத்தி தொட்டால் சூப்பர்வைசர் தாண்டிக் குதிப்பார். பிள்ளைகளும் சமத்தாகத் தலையாட்டின.

போட்டி புதுவாயலில். தோற்றால் அன்றைக்கே வெளியே. அங்கே சுண்ணாம்புக் கட்டம் இல்லை; பிள்ளைகள் மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். முதல் செட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற ஜபீனுக்கும் ஸ்நேகாவுக்கும் நடுவே பந்து விழுந்தது. இரண்டு பேரும் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரணி சும்மா விடுமா? அதே இடத்தில் போட்டுப் போட்டு செட்டை வாரிக்கொண்டு போனது.

ஹெலனுக்கு ரத்தம் கொதித்தது. “இன்னாடி, ரெண்டு பேரும் வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க?”

“அது ஸ்நேகா கட்டம்க்கா” என்றாள் ஜபீன்.

“இல்லக்கா, கோட்டுல வுழுந்துச்சு” என்றாள் ஸ்நேகா. “கோடு யாருதுன்னு நீ சொல்லவே இல்லியே?”

ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிற பிள்ளைகளை எப்படித் திட்டுவது?

“தப்பு என் மேலதான்டி. கட்டம் கிட்டம் எல்லாத்தயும் மறந்துடுங்க. பந்து வந்தா ‘என்னுது’ன்னு கத்து. கத்துனவ எடுக்கணும், மத்தவ ஒதுங்கணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அதன் பிறகு அந்த மைதானம் மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. “என்னுது! என்னுது!” என்று ஆறு தொண்டைகளும் கிழிந்தன. விசில் ஊதுகிறவரே சிரித்துவிட்டார். இரண்டாவது செட் கைக்கு வந்தது. மூன்றாவதில் இவர்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று; ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். ஹெலன் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

எதிரணி மறுபடி அந்த நடுவிடத்துக்கே குறிவைத்தது. “என்னுது!” என்று கத்தினாள் ஜபீன். ஸ்நேகா விலகினாள். முழங்கால் மடங்கியது, கைகள் சேர்ந்தன, பந்து அழகாக எழும்பி வலையைத் தாண்டியது. அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து அவர்கள் நடுவே தொப்பென்று விழுந்தது.

அருணா டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். “டீமாவது, கலைக்கிறதாவது! நாளைக்கு ஒன்பது மணிக்கு அடுத்த மேட்ச்!”

ஹெலனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நாளைக்குத்தான் லீவு சொல்லியிருந்தாள். ஜெயித்தால் என்ன செய்வதென்று அவள் யோசிக்கவே இல்லை. உடனே சூப்பர்வைசருக்கு போன் போட்டாள்.

“சார், நாளைக்கும் லீவு வேணும்.”

“இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?”

“சூப்பரா கீறேன் சார்” என்றாள் ஹெலன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஜெயிச்சிட்டோம்!”