விதைநெல் சோறு

“சாவறதுக்கு முன்னாடி என்ன திங்கணும்னு இருக்கு ஒனக்கு?” என்று ராமாயி ஒருநாள் மகளைக் கேட்டாள்.

அம்சம் வாய்திறந்து எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதுகூட ஏன் என்று கேட்டதில்லை. அன்று மட்டும், “நெல்லுச்சோறு. வயிறு முட்ட” என்றாள்.

நெல் விளைகிற ஊரில் கூழ் குடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வீட்டில் இருந்த நெல் விதைக்கு வைத்த ஒரு மூட்டைதான். வாய்க்காலின் கடைசியில் இருந்த வயலுக்குத் தண்ணீர் அப்போதுதான் எட்டியிருந்தது. இனிமேல்தான் நாற்று விட வேண்டும். விதைநெல்லைத் தின்றவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள்.

ஆனால் அம்சத்தின் அப்பா வீரையன், மூஸாவின் டீக்கடையில் ரேடியோ கேட்டுவிட்டு வந்திருந்தான். அரபு நாட்டுச் சண்டைக்காக அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கின்றனவாம்.

“நம்ம ஊரு மேல எதுக்குப் போடப் போறான்?” என்றாள் ராமாயி.

“எங்க போட்டாலும் காத்துல வந்துடுமாம். கடையில எல்லாரும் அதத்தான் பேசுறாங்க.”

“மிராசுதாரும் சாவாரா?”

“எல்லாருந்தான்.”

“அப்ப விழட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் உரலைக் கழுவினாள்.

ஒரு மூட்டை நெல்லை மூன்று பேர் தின்ன முடியாது. தெருவையே கூப்பிட்டார்கள். வாய்க்கால் கெண்டையில் குழம்பு. வந்தவர்கள் ஏற்கெனவே நாற்று விட்டு முடித்தவர்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து வயிறு புடைக்கத் தின்றார்கள். அம்சம் மூன்று தரம் சோறு வாங்கினாள்.

மறுநாள் பொழுது எப்போதும்போல விடிந்தது. அதற்கடுத்த நாள் மூஸா டீயை ஆற்றிக்கொண்டே, “ரெண்டு பேரும் பின்வாங்கிட்டாங்களாம் வீரையா. ராஜியாப் போயிட்டாங்க” என்றார்.

தின்றவர்களே அவனுக்குக் ‘குண்டு வீரையன்’ என்று பெயர் வைத்தார்கள். விதை கேட்டுப் போன வீட்டிலெல்லாம் சிரிப்புதான் கிடைத்தது. விதை டிப்போவில், “லோடு வந்தா சொல்றோம்” என்றார்கள். லோடு வரவில்லை. கட்டிய தண்ணீர் வயலில் வற்றிக்கொண்டிருந்தது.

அந்த வயல் குத்தகை நிலம். சர்க்கார் போட்ட புதுச் சட்டத்தால் பதிவேட்டில் வீரையன் பெயர் ஏறியிருந்தது. பயிர் வைத்துக்கொண்டிருக்கும்வரை மிராசுதார் அவனை அசைக்க முடியாது. தரிசாகப் போட்டால் அந்தச் சட்டமே கைவிட்டுவிடும்.

மிராசுதாரின் காரியஸ்தர் சிங்காரவேலு சைக்கிளில் ஒரு மூட்டை விதைநெல்லோடு வந்து இறங்கினார்.

“ஏன்டா, ரஷ்யாக்காரன் வெதை அனுப்பலையா?”

ராமாயிதான் சொன்னாள்: “அவனும் எங்களாட்டம் பயந்தவந்தாங்க. ஆனா அவன் வெதநெல்லத் திங்கல.”

“வாய் மட்டும் கொறையல. நெலத்த மனசாரத் திருப்பிக் குடுத்துட்டேன்னு இதுல கைநாட்டு வையி, வீரையா. மூட்டைய எறக்கிட்டுப் போறேன். வயலும் தரிசாக் கெடக்காது. நீயே கூலிக்கு நடு. யாரு வேணாங்கிறா? இல்லேன்னா தை மாசம் தாசில்தாரு வந்து தரிசுன்னு எழுதட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

காகிதத்தை அம்சம்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ‘என் முழுச் சம்மதத்துடன்’ என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். வீரையன், “படி” என்றான். படித்தாள்.

அவன் கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தினான். சிங்காரவேலு காகிதத்தை ஊதிக் காயவைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இன்னைக்கே ஊறப் போட்டுடு. மூணாம் நாள் வெதைக்கலாம்.”

வீரையன் மூட்டையைப் பார்க்கவில்லை. மைபட்ட விரலை மடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டான். மனைவியையும் மகளையும் கடந்து, வயலுக்குப் போகிற வரப்பை விட்டுவிட்டு, பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தான்.