பழையதை எடுத்தால்தான் புதியது

எங்கள் அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் என் மாமியார். வீட்டில் என்னை ஒரு சொல் சொல்லமாட்டார். கணினி முன் உட்கார்ந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார்.

யுனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளம் செய்கிறோம். அதில் கோப்புகளை நிறுவ ஒரு கருவி, அதாவது ஒரு சிறு நிரல், வேண்டும். கோப்பை எடுத்து, சொன்ன இடத்தில் வைத்து, அது யாருக்குச் சொந்தம், யார் தொடலாம் என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். மாமியார் எழுதிய கருவி பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றை நான் எழுதியிருந்தேன்.

தகராறு ஒரே இடத்தில்தான். அவருடையது முதலில் பழைய கோப்பை அழிக்கும், பிறகு புதியதைக் கொண்டுவந்து வைக்கும். என்னுடையது புதியதை வேறு பெயரில் பக்கத்தில் வைத்து, முழுசாக வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் பெயரை மாற்றும். நடுவில் மின்சாரம் போனால் பழையதாவது மிஞ்சும் என்றேன். பழைய சோபாவை வெளியே எடுக்காமல் புது சோபாவை எங்கே போடுவாய் என்று கேட்டார். சோபா விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் பந்தயமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லார் முன்னாலும் சோதனை. ஜெயித்தவரின் கருவி புதிய வெளியீட்டில் போகும். தோற்றவர் அதற்குக் கையேடு எழுத வேண்டும். கையேடு என்றாலே எங்கள் அலுவலகத்தில் தலைதெறிக்க ஓடுவார்கள். எனக்கு அது பெரிதில்லை. எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போய்விடுமே என்றுதான் கவலை.

மாமியார் முதலில் உட்கார்ந்தார். தன் கருவியைக் கொண்டு தன் கருவியையே நிறுவிக் காட்டுவதாகக் கெத்தாக அறிவித்தார். அவசரத்தில், எடுக்கும் இடத்தையும் வைக்கும் இடத்தையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டார். கருவி வழக்கப்படி பழையதை அழித்தது. பிறகு புதியதை எடுக்கப் போனது. புதியதும் அதுவேதான். கோப்பு இல்லை என்று திரையில் வந்தது. திரும்பத் தட்டினார். இப்போது கருவியே இல்லை என்று வந்தது.

நகல் வேறு கணினியில் இருந்ததால் நஷ்டமில்லை, மானம்தான் போனது. கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார், நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர்.

என் கருவியையே எடுத்து அதே இடத்தில் வைக்கும்படி, அதே கட்டளையை என் கருவிக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே கோப்பு என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

"ஒண்ணுமே செய்யலியே இது?" என்றார் மாமியார்.

"செய்யக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு அத்தை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, கையேட்ட நான் எழுதறேன். நீ எழுதினா மட்டும் யாருக்குப் புரியப்போகுது?"

மூன்றே நாளில் எழுதி அனுப்பினார். ஒவ்வொரு படியும் ஏன் அப்படி என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடைசியில், தெரிந்த குறைகள் என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: "இதை எழுதியவள் மாமியார் பேச்சைக் கேட்கமாட்டாள். அதனால்தான் இது ஓடுகிறது."